மூக்கைத் தூக்கலாமா பாஸ்?

ஹாலிவுட் படத்துல ஹீரோவை விட்டுட்டு, அவர் ஓட்டுற வண்டியையே பார்த்துட்டு இருக்கிற ரகமா நீங்க? அப்படின்னா அமெரிக்க பிக்-அப் டிரக் உங்களுக்கு அத்துப்படியா இருக்கும். முன்னால கேபின், பின்னால திறந்த தொட்டி, மொத்தத்துல ஏகப்பட்ட பந்தா! ஷோரூமை விட்டு இறங்கின புது டிரக்கைப் பக்கவாட்டுல எடுத்த போட்டோ கிடைச்சா கொஞ்சம் உத்துப் பாருங்க. ஏதோ இடிக்குதா? யெஸ்... பின்பக்கம் தூக்கலா, மூக்கு தாழ்வா நிக்கும். முட்ட வர்ற காளை தலையைக் குனிஞ்ச மாதிரி ஒரு போஸ்!

'இவ்வளவு பெரிய கம்பெனிக்கு வண்டியை நேரா நிறுத்தத் தெரியலையா?'னு அவசரப்பட்டுக் கேட்டுடாதீங்க. தெரிஞ்சேதான் பண்றாங்க. பிக்-அப் என்பது அடிப்படையில் சுமை வண்டி. தொட்டியில் முக்கால் டன் சரக்கு ஏறினால் பின்பக்கம் அமுங்கும். அப்ப வண்டி நேரா நிக்கணும்னா, காலியா இருக்கும்போது பின்பக்கம் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கணும். சிம்பிள்!

ஆனா அங்கே டிரக் வெச்சிருக்கிற பசங்க எல்லாருமா செங்கல் ஏத்துறாங்க? தொட்டியில் ஒரு பேக், ஒரு கிரிக்கெட் கிட்... ஸாரி, பேஸ்பால் கிட். அவ்வளவுதான். அவங்களுக்கு வேண்டியது கெத்து. மூக்கும் வாலும் ஒரே மட்டத்தில் நிக்கணும், முன்னால பெரிய டயர் மாட்டணும். இந்த வேலைக்கு அங்கே வெச்சிருக்கிற பேர் 'லெவலிங்'. சுருள் ஸ்பிரிங் வெச்ச வண்டின்னா இதுக்குக் காசு செலவு பண்ணி வட்டு வாங்கி ஸ்பிரிங்குக்கு மேலே சொருகணும். ஆனா சில டிரக்குகளில் செலவு பூஜ்யம். வண்டிக்கு அடியில் பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு போல்ட் இருக்கும். ஸ்பேனரைப் போட்டு நாலு சுத்து சுத்தினா, மூக்கு ஜம்முனு எழுந்து நிக்கும். அரை மணி நேர வேலை!

காசே இல்லாம ஒரு விஷயம் கிடைக்குதுன்னா, பில் வேற எங்கேயோ போகுதுன்னு அர்த்தம். அது எங்கே போகுதுன்னுதான் இப்போ பார்க்கப் போறோம்.

ஒரு கம்பி, ஒரு முறுக்கு!

அந்தப் போல்ட் எதைப் பிடிச்சிருக்குன்னு முதல்ல பார்ப்போம். 'டார்ஷன் பார்'. தமிழ்ல முறுக்குக் கம்பி. ஸ்பிரிங்குன்னாலே சுருளா இருக்கணும், இல்லேன்னா மாட்டு வண்டி, லாரியில் இருக்கிற மாதிரி பட்டையா இருக்கணும்னு நினைப்போம். இது ரெண்டும் இல்லை. நேரான, தடியான ஸ்டீல் கம்பி. வண்டியின் நீளவாக்கில் சட்டத்தை ஒட்டிப் படுத்திருக்கும். முன் முனை, சக்கரத்தைத் தாங்குற கீழ்க் கையில் சொருகியிருக்கும். பின் முனை அசையாம பிடிபட்டிருக்கும். சக்கரம் மேடேறினா கீழ்க் கை மேலே எழும்பும், கம்பி முறுகும். மேடு தாண்டினதும் முறுக்கு அவிழ்ந்து சக்கரத்தைக் கீழே தள்ளும். ஈரத்துணியைப் பிழியுறீங்களே, அதே கதைதான். என்ன... இந்தத் துணி திரும்பித் தானாவே அவிழ்ந்துக்கும்!

பின் முனையைப் பிடிச்சிருக்கிற சின்னக் கைக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வெச்ச பேர் 'கீ'. நம்ம ஹீரோ போல்ட் அந்தக் கீயைத்தான் முட்டுக் கொடுத்துத் தாங்குது.

ஐடியா ஒண்ணும் புதுசு இல்லை. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931-லேயே இதுக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பிச்சார். 1934-ல் வந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவான் காரில் இருந்தது முறுக்குக் கம்பிதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1988 மாடலிலிருந்து தன்னோட நாலு சக்கர டிரைவ் பிக்-அப்களுக்கு முன்னால இதைப் போட்டது. காரணம், இடம். முன் சக்கரத்தையும் இன்ஜினே சுத்தணும்னா, அதுக்கான தண்டு போறதுக்கு வழி வேணும். அந்த வழியில் சுருள் ஸ்பிரிங் நந்தி மாதிரி நிக்கும். கம்பின்னா சமர்த்தாப் படுத்துக்கும். ஷெவர்லே சில்வராடோவின் சின்ன மாடல் 2007-ல் சுருளுக்கு மாறிடுச்சு. ஆனா பெரிய அண்ணன் 2500 ஹெச்டி, 2020-ல் புதுசா டிசைன் பண்ணினப்போகூடக் கம்பியைக் கைவிடலை.

நம்ம ஊர்ல இல்லையான்னு கேட்கிறீங்களா? பழைய டாடா சுமோவுக்கு அடியில் குனிஞ்சு பாருங்க. அதுவும் போதலைன்னா, நம்ம ஆவடி ஃபேக்டரியில் தயாரான டி-72, டி-90 டாங்கிகளை நினைச்சுக்கோங்க. நாப்பது டன்னுக்கு மேல எடையுள்ள அந்த இரும்பு யானை குதிச்சு ஓடுறது முறுக்குக் கம்பி மேலதான்!

நான் வாங்கின பல்பு

மெக்கானிக்கல் மக்களே, காதைக் கொடுங்க. 'டி பை ஜே ஈக்வல் டு ஜி தீட்டா பை எல்'. ஞாபகம் வருதா? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் பதினாறு மார்க்குக்கு உருப்போட்டு, எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்த அதே ஃபார்முலாதான். நானும் அப்படித்தான். அரியர் வைக்காம பாஸ் பண்ணினேன் என்பதை இங்கே பணிவோட பதிவு பண்ணிக்கிறேன்.

அந்தத் திமிரோட, செமஸ்டர் லீவில் எங்க ஊர் பைபாஸ் ஓரம் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு பழைய வாடகை வண்டி வந்தது. வருஷக்கணக்கா ஓடின களைப்பில் மூக்கு தொங்கிப் போயிருந்தது. மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டார், ஸ்டாண்ட் வெச்சார், அடியில் படுத்துக்கிட்டே கேட்டார்.

"தம்பி, இன்ஜினீயரிங்தானே படிக்கிறே? நான் இந்தப் போல்ட்டை முறுக்கினா கம்பி ஹார்டு ஆகுமா, ஆகாதா?"

"ஆகும்ணே. முறுக்கு கூடுதுல்ல?"

"வண்டியைக் கீழே இறக்கினதுக்கு அப்புறம், எடை கூடிடுமா?"

"இல்லண்ணே... அதே எடைதான்."

"அதே எடையைத் தாங்குறதுக்கு அந்தக் கம்பி எதுக்குப்பா கூடுதலா முறுகணும்?"

பல்பு! அதுவும் ஆயிரம் வாட்ஸ்.

அண்ணன் எட்டாவது வரைதான் படிச்சவர். ஆனா நான் மனப்பாடம் பண்ணின ஃபார்முலாவை அவர் கையால் தொட்டுப் பார்த்திருந்தார். அன்னிக்கு ராத்திரியே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க. இது எந்தக் கம்பெனியோட அளவும் இல்லை, புரியறதுக்காக எடுத்துக்கிட்ட நம்பர்தான். கம்பியின் விட்டம் 30 மில்லிமீட்டர், நீளம் 1.2 மீட்டர். ஸ்டீலுக்கு ஜி 80 ஜிகாபாஸ்கல். ஒரு டிகிரி முறுக்க சுமார் 92 நியூட்டன் மீட்டர் வேணும். ஒரு முன் சக்கரத்தின் மேல் 600 கிலோ, கீழ்க் கையின் நீளம் 40 சென்டிமீட்டர்னு வெச்சுக்கிட்டா கம்பிக்கு வர்ற முறுக்கு விசை ஏறக்குறைய 2,350 நியூட்டன் மீட்டர். வகுத்தா... சுமார் 25 டிகிரி. அதாவது, வண்டி சும்மா நிக்கும்போது கம்பி 25 டிகிரி முறுகியிருக்கு.

இப்போ போல்ட்டைத் திருகி மூக்கை 40 மில்லிமீட்டர் தூக்குறோம். கீயை சுமார் ஆறு டிகிரி திருப்பினா போதும். தூக்கினதுக்கு அப்புறம் கம்பியில் எவ்வளவு முறுக்கு? மறுபடியும் அதே 25! ஏன்னா எடை மாறலை. கம்பியின் பின் முனை ஆறு டிகிரி நகர்ந்தது, முன் முனையும் கூடவே ஆறு டிகிரி நகர்ந்து சக்கரத்தைக் கீழே தள்ளிடுச்சு. வண்டி உயர்ந்தது. கம்பி அதே கம்பி.

கம்பியை நிஜமாவே ஹார்டு ஆக்கணும்னா ஆளை மாத்தணும். 30 மில்லிமீட்டருக்குப் பதிலா 33 போட்டுப் பாருங்க. விட்டம் நாலாவது அடுக்கில் வேலை செய்யும் என்பதால் பத்து சதவீதம் தடிமனுக்கு 46 சதவீதம் கூடுதல் விறைப்பு கிடைக்கும். போல்ட்டால அது ஒரு சதவீதம்கூட முடியாது.

அப்புறம் ஏன் உதறுது?

"மூக்கைத் தூக்கினதுக்கு அப்புறம் வண்டி கட்டை மாதிரி உதறுதே... ஹார்டு ஆகலைன்னு சொல்றீங்களே?" கரெக்டான கேள்வி. பில் வர்ற இடம் இதுதான்.

சக்கரம் மேலே எழும்புறதுக்கு மட்டும் இல்லை, கீழே தொங்குறதுக்கும் இடம் வேணும். ரோட்டுல பள்ளம் வந்தா சக்கரம் கீழே இறங்கி அதைத் தடவிக்கிட்டுப் போகணும். நம்ம உதாரண வண்டியில் அதுக்கு 80 மில்லிமீட்டர் இடம் இருந்ததுன்னு வைங்க. மூக்கை 40 தூக்கிட்டோம். வானத்திலிருந்தா வந்தது அந்த 40? தொங்குறதுக்கு வெச்சிருந்த 80-லிருந்து எடுத்ததுதான்! மீதி இருக்கிறது பாதி. இப்போ ஒரு பள்ளம், இல்லேன்னா ஸ்பீடு பிரேக்கரின் இறக்கம்... சக்கரம் இறங்கும், இறங்கும், சட்டுனு முட்டுக்கட்டையில் 'டங்'னு நிக்கும். உங்க முதுகுக்கு அது 'ஹார்டு'. நிஜத்தில் அது ஸ்பிரிங்கின் வேலையே இல்லை. ஸ்பிரிங் வேலை செய்யறதுக்கு இடம் முடிஞ்சு போன சத்தம். ஷாக் அப்சார்பரும் பாவம், முக்கால்வாசி நீண்ட நிலையிலேயே காலத்தை ஓட்டணும்.

கடையில் விக்கிற 'லெவலிங் கீ' பத்தியும் ஒரு வார்த்தை. துளையின் கோணத்தைக் கொஞ்சம் மாத்தி வார்த்த வேற கீ அது. போல்ட்டுக்கு நீளம் பத்தாம போற இடத்திலிருந்து மேலே தூக்க உதவும். ஆனா 'புது கீ போட்டா போல்ட்டைத் திருகுறதை விட சொகுசா இருக்கும்'னு யாராவது அளந்தா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. ரெண்டும் கம்பியின் பின் முனையைத் திருப்புற ஒரே வேலையைத்தான் செய்யுது. உயரம் ஒண்ணுன்னா, டங் சத்தமும் ஒண்ணுதான்.

பில்லில் இன்னும் ஐட்டங்கள் இருக்கு. கீழ்க் கை சாய்ஞ்சதால சக்கரத்தின் நிமிர்வும், ரெண்டு முன் சக்கரமும் ஒண்ணையொண்ணு பார்க்கிற கோணமும் மாறிப் போயிருக்கும். அலைன்மென்ட் பண்ணாம ஓட்டினா டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகும். நாலு சக்கர டிரைவ்ல முன் தண்டின் மூட்டுகள் கூடுதல் வளைவுல சுத்தணும். அதன் ரப்பர் உறை கிழிஞ்சா கிரீஸ் வெளியே, மண்ணு உள்ளே. பால் ஜாயின்ட்டும் அதன் எல்லைக்குப் பக்கத்திலேயே நிக்கும்.

ஆனா எனக்குக் கோபம் வர்றது ஹெட்லைட் விஷயத்தில்தான். மத்ததெல்லாம் உங்க வண்டி, உங்க காசு. லைட் அப்படி இல்லை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3.6 மீட்டர் இருக்கிற டிரக்கின் மூக்கை 40 மில்லிமீட்டர் தூக்கினா, 50 மீட்டர் தள்ளி ஒளி அரை மீட்டருக்கு மேல உயரும். ரோட்டைப் பார்க்க வேண்டிய லைட், எதிரே டூ-வீலர்ல வர்றவர் கண்ணைப் பார்க்கும். லைட்டைத் திரும்ப இறக்கி செட் பண்ண ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சுவரும் போதும். அதைச் செய்யாம கெத்து காட்டுறவங்களை என்ன சொல்றது?

அப்போ போல்ட்டைத் தொடவே கூடாதா?

யார் சொன்னது? அந்தப் போல்ட்டைக் கம்பெனி வெச்சதே திருகுறதுக்குத்தான். வயசாகி மூக்கு தொங்கின வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரலாம். பனி கொட்டுற ஊர்கள்ல டிரக்கின் மூக்குக்கு முன்னால நூத்துக்கணக்கான கிலோ எடையில் பனி தள்ளும் இரும்புப் பலகையை மாட்டுவாங்க. அந்த பாரத்துக்கு ஈடு கொடுக்கத் திருகலாம். இதெல்லாம் இழந்த உயரத்தை மீட்கிற வேலை. இல்லாத உயரத்தைக் கடன் வாங்கும்போதுதான் வட்டி ஏறுது. அழகுக்காகத்தான் தூக்கணும்னாலும், பின்பக்க அளவுக்குச் சரிக்குச் சரியா தூக்காம, கொஞ்சம் தாழ்வாவே விட்டுடறது புத்திசாலித்தனம். முழுசா மட்டம் பண்ணின வண்டியில் சரக்கு ஏத்தினா மூக்கு வானத்தைப் பார்க்கும்.

செய்யற விதம் இருக்கு பாருங்க, அதுல அண்ணன் ரொம்ப ஸ்ட்ரிக்ட். சமதளமான தரை. நாலு டயரிலும் சரியான காத்து. அளக்கிறது தரையிலிருந்து இல்லை, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை. அப்பதான் டயர் காத்து கூடக் குறைய இருந்தாலும் அளவு ஏமாத்தாது. போல்ட் மேல பெயின்ட்டால ஒரு கோடு போட்டுட்டு, எத்தனை சுத்துன்னு நோட்டில் எழுதுவார். கொஞ்சம் திருகினதும் இறக்கி, வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்துதான் மறுபடி அளப்பார். ஜாக்கியிலிருந்து இறக்கின உடனே அளந்தா டயர் தரையில் ஒட்டிக்கிட்டு, பொய் அளவு காட்டுமாம். ஒரு பக்கம் தூக்கினா இன்னொரு பக்கமும் கொஞ்சம் அசையும், அதனால ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்க்கணும்.

இப்போ சீரியஸா ஒண்ணு. நம்ம கணக்கில் கீயின் நீளம் 15 சென்டிமீட்டர்னு வைங்க. வண்டி தரையில் நிக்கும்போது அந்த ஒத்தைப் போல்ட் தாங்குற பாரம் சுமார் 1,600 கிலோ! ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்க விட்டா 880 கிலோ அளவுக்குக் குறையும். அதனாலதான் தூக்கி வெச்சுத் திருகணும்னு சொல்றது. ஆனா பூஜ்யம் ஆகாது, கவனிங்க. சக்கரம் தொங்கினாலும் கம்பியில் 14 டிகிரி முறுக்கு மிச்சம் இருக்கும். ஏற்கெனவே 40 மில்லிமீட்டர் தூக்கின வண்டின்னா, தொங்குற நிலையிலேயே பாரம் 1,200 கிலோவைத் தாண்டும். போல்ட்டைத் திருகுறது ஒரு விஷயம். கீயைக் கழட்டுறது முற்றிலும் வேற விஷயம். அதுக்குன்னே தனி புல்லர் இருக்கு. அது இல்லாம மரவேலைக் கிளாம்ப்பைப் போட்டு சமாளிக்கிற சாகசம் வேண்டவே வேண்டாம். நழுவினா அந்த இரும்புத் துண்டு எந்தப் பக்கம் பாயும்னு உங்களுக்கு யோசிக்கக்கூட நேரம் இருக்காது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போறதும் அதே லிஸ்ட்தான்.

அந்த வாடகை வண்டிக் கதையை முடிச்சுடறேன். பழைய உயரத்துக்கு அண்ணன் கொண்டுவந்துட்டார். ஓனர் சுத்தி வந்து பார்த்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்களேன். ஜீப் மாதிரி கெத்தா நிக்கட்டும்."

அண்ணன் ஒண்ணுமே பேசலை. மறுபடி ஜாக்கி, மறுபடி ஸ்டாண்ட். திருகினார், நோட்டில் எழுதினார், இறக்கினார். வண்டி நிஜமாவே கெத்தாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. "ஏறுங்க, ஒரு ரவுண்டு போவோம்"னு ஓனரை முன் சீட்டில் உட்கார வெச்சார். நான் பின்னால தொத்திக்கிட்டேன். ஸ்கூல் வாசல் ஸ்பீடு பிரேக்கர். ஏறும்போது ஒண்ணும் இல்லை. இறங்கும்போது... டங்!

ஓனர் திரும்பி அண்ணனைப் பார்த்தார். "என்ன சத்தம் அது?"

"நீங்க கேட்ட உயரம்."

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினோம். அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டு அடியில் படுத்தார். பக்கத்துக்கு ரெண்டேகால் சுத்து. நான்தான் எண்ணினேன்.